இருபத்திரண்டு தப்படி

மே 12

இங்கே வந்து ஒன்பது நாள் ஆகிறது. காலை ஐந்து மணிக்கு இரத்த அழுத்தம் 142/86. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

வீடு டொரண்டோவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரத் தூரத்தில், பைன் காட்டின் ஓரத்தில் இருக்கிறது. வான்மதியும் மாப்பிள்ளை கேதீஸ்வரனும் போன ஐப்பசியில் வாங்கியது. பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியாது. பைன் மரங்கள் நூல் பிடித்து நட்டதுபோல வரிசையாக நிற்கின்றன. உண்மையில் நட்டதுதானாம். நூறு அடி உள்ளே போனால் பகலிலேயே மங்கல். ஊசி இலைகள் மெத்தைபோலக் கிடப்பதால் மிதித்தால் சத்தம் வருவதில்லை. பின்னால் ஒருவர் வந்தாலும் தெரியாது. இன்று எழுபது அடியோடு திரும்பிவிட்டேன்.

வான்மதிக்கு ஏழாம் மாதம். ஆகஸ்ட் ஒன்பது என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். இது மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றி நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

ஊரிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்று சமையலறை ஜன்னலில் உயிரோடு இருக்கிறது. ஐந்து இலை.

மே 14

மாப்பிள்ளை காலையில் வேலைக்குப் புறப்படும்போது சொன்னார்: "மாமா, பின்னால இருக்கிற கொட்டில் பக்கம் மட்டும் போகாதேங்கோ. முந்தின ஆக்களின்ர குப்பை எல்லாம் கிடக்கு. நான் ஆறுதலாத் துப்புரவாக்கிறன்."

யாழ்ப்பாணத்துப் பேச்சு. கேட்கக் கேட்கப் பழகிவிட்டது. பதினாலு வயதில் தனியாக இந்த நாட்டுக்கு வந்தவர். இப்போது மின்சார வேலை செய்கிறார். பொறுமையான மனிதர். எனக்கு அவரிடமும் கொஞ்சம் பயம்தான்.

மே 17

மாப்பிள்ளை "கொட்டில்" என்று சொன்ன கொட்டகையின் கதவு காற்றில் திறந்துகொண்டது. சாத்தத்தான் போனேன்.

மூலையில் இரண்டு மூட்டை உரம், ஈரம் ஏறிப் பாறையாகியிருந்தது. மேலே 34-0-0 என்ற எண்கள். முப்பத்தெட்டு வருடம் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவனுக்கு அந்த மூன்று எண்கள் போதும். அம்மோனியம் நைட்ரேட், தீப்பட்டால் வெடிக்கக்கூடியது. சுற்றிலும் காய்ந்த மரப்பலகை. பக்கத்தில் புல்வெட்டும் எந்திரத்துக்கான பெட்ரோல் டப்பா. நாற்பது அடியில் வீடு. வீட்டுக்குள் என் மகள்.

இன்னொன்றும் தோன்றியது. இந்தச் சரக்கை உலகத்தில் எல்லோரும் வயலில் போடுவதற்கே வாங்குவதில்லை, சிலர் குண்டு செய்யவும் வாங்குகிறார்கள். மாப்பிள்ளையைப் போல ஈழத்துப் பெயர் கொண்ட ஒருவர் வீட்டில் இது கிடந்தால் போலீஸ்காரர் என்ன நினைப்பார்? ஒருவேளை நான் அதிகமாக நினைக்கிறேனோ என்னவோ.

மே 19

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். கொட்டகையை ஒழுங்குபடுத்தினேன். முதுகுவலி.

மே 20

நேற்று "ஒழுங்குபடுத்தினேன்" என்று எழுதிவிட்டேன். இந்த நோட்டில் அரைகுறையாக எழுதும் வழக்கம் எனக்கில்லை.

நிலையத்தில் காலாவதியான சரக்கை நாங்கள் எப்படிக் கழிப்போமோ அப்படியே செய்தேன். வெளியே ஒதுக்குப்புறத்தில் மூன்றடிக் குழி. கட்டியை உடைத்துக் கொட்டி, மண்ணைத் தள்ளி மிதித்துவிட வேண்டும். எங்கள் கரிசல் மண் ஒரு முறை ஈரமானால் பானைக்கு மூடி போட்டதுபோல இறுகிவிடும். உள்ளே போட்டது உள்ளேயே கிடக்கும். அலுவலர்கள் பலர் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட முறை.

ஒற்றைச் சக்கர வண்டியில் இரண்டு நடை. வீட்டுக்குப் பின்னால் மேடு ஏறும் இடத்தில் தோண்டினேன். இவ்வளவு சுலபமாக நான் எங்கும் குழி தோண்டியதில்லை. மண்வெட்டியை வைத்ததும் மண் வழிவிட்டது. எழுபத்துநாலு வயதிலும் உடம்பில் பலம் இருக்கிறதே என்று சற்றுப் பெருமைகூட வந்தது. காலிப் பைகளை உதறி, நான்காக மடித்து, குப்பைக்காரர் எடுக்கும் நீலப் பெட்டியில் அடியில் வைத்தேன்.

மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. போகாதே என்று சொன்ன இடத்துக்குப் போனேன் என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 6

மூன்று நாள் விடாத மழை. இன்று வெயில். வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. எங்கள் பக்கமாக இருந்தால் செருப்புக்கு ஒரு கிலோ மண் ஏறியிருக்கும்.

ஜூன் 8

ரொம்ப நாளைக்குப் பிறகு மனம் இலேசாக இருந்தது. காட்டின் ஓரத்தில் ஆராய்ச்சிக் குழி ஒன்று தோண்டினேன். மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டைப் புத்தகத்தைப் பெட்டியில் கொண்டுவந்தது வீண்போகவில்லை.

மேலே இரண்டு அங்குலம் ஊசி இலை, பாதி மக்கியது. அதன் கீழே சாம்பலைத் தட்டிவிட்டதுபோல வெளிறிய மணல், மூன்று விரல் கனம். அதன் கீழே துருநிறம். ஊசி இலையின் புளிப்பு மழையோடு இறங்கி, மேல் மணலிலிருந்து இரும்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய் வைத்திருக்கிறது. முப்பது அங்குலத்துக்குக் கீழே ஒன்றுமில்லை, மஞ்சள் மணல்தான். மணலுக்குள் உருண்டைக் கற்கள், கடுகளவிலிருந்து தலையளவு வரை, ஒழுங்கில்லாமல் கலந்து கிடந்தன. ஆறு கொண்டுவந்ததாக இருந்தால் பெரியது தனி, சிறியது தனியாகப் பிரித்துப் போட்டிருக்கும். இது பனிப்பாளம் தள்ளிக்கொண்டுவந்து, உருகிய இடத்தில் அப்படியே விட்டுப்போன மேடு. ஒரே குழியில் ஏழு வகைக் கல். ஒன்றுகூட இந்த ஊர்க் கல் இல்லை.

மாலையில் மாப்பிள்ளையிடம் காட்டினேன். "எங்களைப் போலத்தான் மாமா. எங்கயோ கிடந்ததுகளை இங்க கொண்டந்து கொட்டியிருக்கு" என்று சிரித்தார்.

மண்ணை நனைத்துப் பிசைந்து பார்த்தேன். கரிசல் மண்ணைப் பெருவிரலால் தள்ளினால் மூன்று அங்குலத்துக்கு நாடாவாக நீளும். இது உருண்டைகூடப் பிடிக்கவில்லை. விரலிடுக்கில் ஒழுகிப்போயிற்று. நிற அட்டைப் புத்தகத்தின் கடைசியில், நீர் தேங்கும் மண்ணுக்காக நீலச் சாம்பல் பக்கம் ஒன்று உண்டு. இந்த மண்ணில் அந்தப் பக்கத்துக்கு வேலையே இல்லை.

ஜூன் 11

அடிப்பாகம் வெட்டிய டப்பாவை மண்ணில் அழுத்தி, ஒரு வாளி தண்ணீரை மெல்ல ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு விநாடி. நம்பாமல் இன்னொரு வாளி. ஐம்பது விநாடி. கரிசலில் இதே சோதனைக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போய் மாலைவரை உட்கார்ந்திருப்போம்.

மூன்றாவது வாளியை ஊற்றவில்லை.

ஜூன் 13

மேட்டில் உரம் புதைத்த குழியைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு குருணைகூட இல்லை. ஈர மணல்தான் இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று கசந்தது. இன்னும் கீழே தோண்டினேன், ஐந்தடி வரை. ஓரம் சரிந்து முழங்கால்வரை மூடிவிட்டது. கூப்பிட ஆளில்லை. கைகளால் அள்ளி அள்ளி வெளியே வந்தேன்.

எடுத்த மணலைத் தார்ப்பாயில் குவித்து மூடினேன். எதற்காகச் செய்தேன் என்று தெரியவில்லை. போனது போய்விட்டது.

பயப்பட ஒன்றுமில்லை. இந்த வீட்டுத் தண்ணீர் கிணற்றிலிருந்து குழாயில் வருகிறது. கிணறு ஆழமாகத்தான் இருக்கும். எங்கள் ஊரில் போர் போட்டால் அறுநூறு அடிக்குக் கீழேதான் ஈரமே தெரியும்.

ஜூன் 20

தெற்கே இறக்கத்தில் இருக்கும் பெர்னிஸ் அம்மாள் நாயோடு காட்டுப் பாதையில் வந்தார். எண்பது வயது. கோமதிநாயகம் என்ற என் பெயரைப் பாதியாக்கி "மிஸ்டர் கோமதி" என்று கூப்பிடுகிறார். நான் திருத்தவில்லை.

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கே மரத்தையெல்லாம் வெட்டி உழுதாங்க, மிஸ்டர் கோமதி. நாலே போகம். அப்புறம் மணல் பறக்க ஆரம்பிச்சுது. வேலியே புதைஞ்சு போச்சாம். அதனாலதான் இந்தப் பைனை நட்டாங்க. இந்த மண்ணு எதையும் பிடிச்சு வெச்சுக்காது."

"தண்ணீர்?" என்று கேட்டேன்.

"தண்ணியும்தான்! உங்க வீட்டுக் கிணறு என் புருஷன் போட்டது. முனை கூரான குழாய், சம்மட்டியால அடிச்சே இறக்கினார். இருபத்துநாலு அடி, ஒரே மத்தியானம். அந்தா, அந்த லைலாக் புதருக்குள்ள இருக்கு பாருங்க, மூடி. காலையில பெய்யிற மழையைச் சாயங்காலம் டீயில குடிக்கலாம்னு அவர் கேலி பண்ணுவார்."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இருபத்துநாலு அடி. கிணறு எத்தனை அடி என்று நான் கேட்கவே இல்லை. வந்து ஏழு வாரமாகிறது, மண்ணைப் பற்றி எல்லாம் கேட்டேன், அதை மட்டும் கேட்கவில்லை.

ஜூன் 21

குழியிலிருந்து லைலாக் புதர் வரை இருபத்திரண்டு தப்படி. நான்கு முறை அளந்தேன். குழி மேட்டில். கிணறு இறக்கத்தில்.

ஜூன் 22

நாள் முழுக்கக் கணக்கு. நிலத்தடி நீர் ஒரு நாளைக்கு அரை அடி நகர்ந்தால் மூன்று மாதத்துக்கு மேல். ஒரு அடி நகர்ந்தால் ஒன்றரை, இரண்டு மாதம். இரண்டு அடி என்றால் ஏற்கெனவே வந்துவிட்டது. சரிவு தெரியாமல் எதையும் சொல்ல முடியாது.

என்ன ஆகும் என்பதற்குக் கணக்குத் தேவையில்லை. பயிற்சிக்கு வந்தவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கும் தண்ணீரில் பால்பொடியைக் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்காமல் போகலாம். முதலில் உதடு நீலமாகும். கொதிக்கவைத்தால் போகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் குறையும், நைட்ரேட் அப்படியே நிற்கும்.

தாய்ப்பால் மட்டும் குடித்தால் பயமில்லை. வான்மதி தாய்ப்பால்தான் கொடுப்பாள்.

உறுதியாகத் தெரியாமல் ஒன்றைச் சொல்லி அவளைக் கலவரப்படுத்தக் கூடாது. இந்த மாதத்தில் அதிர்ச்சி ஆகாது.

என் மனைவி செல்லத்தாயின் கடைசி நோயிலும் உறுதியாகத் தெரியட்டும் என்றுதான் இருந்தேன். அவள் கண்ணில் மஞ்சள் படர்ந்ததை முதலில் பார்த்தது நான்தான். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 25

காலைச் சாப்பாட்டின்போது, கிணற்றுத் தண்ணீர் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். கடைத் தண்ணீர் வாங்கினால் எல்லோரும் குடிக்கலாமே என்றும் சொன்னேன்.

"நல்ல தண்ணி மாமா. சோதிச்சுப் பாத்துத்தான் வீட்டை வாங்கினனாங்கள்" என்றார் மாப்பிள்ளை.

"அப்பாவுக்கு ஊர் மாறினாலே வயிறு மாறிரும். காசிக்குப் போனப்பவும் சுக்குத் தண்ணியத் தூக்கிட்டே அலைஞ்சாங்க" என்று வான்மதி சிரித்தாள். "உங்களுக்கு மட்டும் வாங்கச் சொல்லுதேன்ப்பா. எனக்கு வேண்டாம், பிளாஸ்டிக் வாசம் குமட்டுது."

சாயங்காலமே எட்டு கேன் வந்து இறங்கிவிட்டது. மேலே மாப்பிள்ளை பேனாவால் "மாமாவின் தண்ணி" என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்க்கவே கூசுகிறது.

ஜூன் 29

பெர்னிஸ் அம்மாள் காரில் கூட்டிக்கொண்டு போனார். மீன் வளர்ப்புச் சாமான் விற்கும் கடையில் தண்ணீர் சோதிக்கும் காகிதப் பட்டைகள் வாங்கினேன். தண்ணீரில் நனைத்தால் நைட்ரேட்டுக்கு ஏற்றபடி வெள்ளையிலிருந்து ரோஜா நிறமாக மாறும், நிறத்துக்கு ஒரு எண், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று. டப்பாவில் நூறு பட்டை.

"மீன் வாங்கப்போறீங்களா?"

"யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

அவர் வீடு இன்னும் இறக்கத்தில் இருக்கிறது. அவர் கிணறும் அதே ஆழம்தானாம். வழியில் தானாகவே சொன்னார். பட்டை டப்பாவைப் பைக்குள் தள்ளினேன்.

ஜூன் 30

காலை ஆறு. சமையலறைக் குழாய்: 0.

ஜூலை 1

0.

ஜூலை 2

0. ஒருவேளை நான் பயந்ததெல்லாம் வீண்தானோ?

ஜூலை 6

0.

மாப்பிள்ளை கொட்டகையைச் சுத்தம் செய்தார். நான் ஜன்னலில் நின்றேன். உள்ளே வந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்: "மாமா, மூலையில பழைய பசளை ரெண்டு மூட்டை கிடந்தது. டவுன்ஷிப் எண்ட ஊர்ச்சபைக்காரருக்கு அப்பவே போன் பண்ணிச் சொன்னனான், வந்து எடுக்கிறம் எண்டவை. நாங்கள் இல்லாத நேரம் வந்து எடுத்திட்டுப் போயிட்டாங்கள் போல. நல்ல காலம். அதைக் கண்டபடி கையாளக் கூடாது எண்டு சொன்னவை."

"ம்" என்றேன்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்துதான் இருந்தது. அவர் துவாலையில் கை துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியளோ?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று சொன்னேன். சாப்பிடவில்லை.

ஜூலை 11

0. இரத்த அழுத்தம் 158/94. இதை வான்மதியிடம் 138 என்று சொன்னேன்.

ஜூலை 13

"அப்பா! இங்க வாங்க, சீக்கிரம்!"

ஓடினேன். அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தேன். அவள் சமையலறை ஜன்னலைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"கறிவேப்பிலை எப்படித் துளிர்த்திருக்கு பாருங்க! என்ன பச்சை! என்ன மாயம் பண்ணுனீங்க?"

பதினேழு இலை. இருண்ட பச்சை, பளபளப்பு. நைட்ரேட்டால் தழைச்சத்துக் கிடைத்த செடி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குத் தினமும் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறாள்.

பட்டை காலையில் 0 என்றுதான் காட்டியது. வெள்ளை என்று நான் எழுதியது வெள்ளைதானா? இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் மறுபடியும் பார்க்கிறேன். எனக்கே சந்தேகமாக இருக்கிறது. முப்பத்தெட்டு வருடம் நிறம் பார்த்துச் சம்பளம் வாங்கியவன்.

ஜூலை 15

20. சந்தேகமே இல்லை.

ஜூலை 16

20.

இன்று முதல், அவர்கள் எழுவதற்கு முன் கெட்டிலில் என் கேன் தண்ணீரை நிரப்பி வைக்கிறேன். வான்மதி குடிக்கும் கூஜாவிலும் அதையே. கேன் சீக்கிரம் தீர்ந்தால் கேள்வி வரும். ஆகவே நான் குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறேன். என் வயதுக்கு ஒன்றும் செய்யாது.

கூஜாத் தண்ணீரை அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்குத் தண்ணி ருசியா இருக்கே" என்றாள்.

ஜூலை 20

40.

வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு. எப்படித் தொடங்குவது என்று தனித்தாளில் எழுதிப் பார்த்தேன். நான்கு வரைவு. எல்லாமே அலுவலகக் கடிதம்போல இருக்கின்றன.

ஜூலை 21

வெள்ளிக்கிழமை. அவளுக்குக் காலில் வீக்கம். படுத்திருந்தாள். சொல்லவில்லை.

ஜூலை 25

நேற்று விடிகாலையில் வலி. பதினாறு நாள் முன்னதாகவே. பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு. இருவரும் நலம் என்று மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னார். பேசும்போதே அழுதார். "உங்கட பேத்தி உங்களைப் போலத்தான் மாமா, முழிச்சு முழிச்சுப் பயந்து பாக்கிறாள்."

பட்டை பார்க்க மறந்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தேன். 40க்கு மேல், 80க்குக் கீழ்.

ஜூலை 29

இன்று வீட்டுக்கு வந்தார்கள். குழந்தையின் தலை என் உள்ளங்கையில் அடங்குகிறது. கொடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வான்மதிக்குப் பால் போதவில்லை. பொடிப் பாலும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி டப்பா கொடுத்திருக்கிறார்கள். "தண்ணியக் கொதிக்கவெச்சுக் கலக்கணுமாம்" என்றாள்.

கெட்டிலை நிரப்பி வைத்தேன். மதியம் மறுபடியும். சாயங்காலம் மறுபடியும். படுக்கப் போகும் முன் மறுபடியும்.

ஜூலை 30

கெட்டிலைவிட்டு நகரவில்லை. "என்ன மாமா, கெட்டிலுக்குக் காவலோ?" என்று மாப்பிள்ளை கேலி செய்தார். இரண்டு கேன்தான் மிச்சம்.

ஜூலை 31

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்குப் பட்டை பார்த்தேன். 80. கெட்டிலை நிரப்பினேன். ஏழரைக்குக் குளிக்கப் போனேன். பத்து நிமிடம்கூட இருக்காது. வெளியே வந்தபோது மாப்பிள்ளை சமையலறையில் நின்று பால்புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தார். கெட்டில் மூடி திறந்திருந்தது. தொட்டியில் ஈரம்.

"கெட்டில்ல தண்ணி..." என்றேன்.

"பழைய தண்ணி மாமா. ஊத்திப்போட்டுப் புதுசாப் பிடிச்சுக் கொதிக்க வச்சனான்."

சொல்லிக்கொண்டே கூடத்துக்குப் போனார். வான்மதி சோபாவில் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவர் புட்டியை நீட்டினார். அவள் வாங்கினாள். குழந்தை வாயைத் திறந்தது.

நான் எழுதிவைத்த நான்கு வரைவில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. ஓடிப்போய் அவள் கையிலிருந்து புட்டியைப் பிடுங்கினேன். அது தரையில் விழுந்து உருண்டது. என் வாழ்க்கையில் யார் கையிலிருந்தும் எதையும் நான் பிடுங்கியதில்லை.

"அப்பா!"

"குடுக்காதே. கிணத்துத் தண்ணி. குடுக்காதே தாயி. நான்தான்."

"என்னப்பா சொல்லுதீங்க? என்ன நீங்கதான்?"

சொன்னேன். மூட்டை, போலீஸ் பயம், குழி, இருபத்துநாலு அடி, இருபத்திரண்டு தப்படி, பட்டை. முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. குழந்தை அழுகையில் பாதி கேட்டிருக்காது. மாப்பிள்ளை போய் என் கேனிலிருந்து தண்ணீர் எடுத்து, வேறு புட்டியைக் கொதிநீரில் கழுவி, பால் கலந்து கொண்டுவந்தார். குழந்தை குடித்தது. அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

அதன் பிறகுதான் அவர் பேசினார். "அந்த மூட்டையளை நான் கொட்டிலில வச்சிருந்ததே டவுன்ஷிப்காரர் வந்து எடுக்கத்தான் மாமா. என்னைக் காப்பாத்தப் பாத்தியளோ?" குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வான்மதி குழந்தையைப் பார்த்தபடியே கேட்டாள்: "எத்தனை நாளாத் தெரியும்?"

"கிணத்து ஆழம் தெரிஞ்சு நாப்பத்தொரு நாள்."

"அம்மாவுக்குப் பதினோரு நாள்" என்றாள்.

அந்தப் பதினோரு நாள் வான்மதிக்குத் தெரியாது என்று பதினெட்டு வருடமாக நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 1

குழந்தையை டாக்டரிடம் காட்டினார்கள். இரத்தத்தில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அது குடித்ததெல்லாம் கேன் தண்ணீர்தான் என்பதை மாப்பிள்ளையே டாக்டரிடம் சொன்னாராம். என்னையும் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். ஒன்றுமில்லை.

வான்மதி என்னோடு பேசவில்லை. என் தட்டில் சாதம் வைத்தாள்.

ஆகஸ்ட் 2

பெர்னிஸ் அம்மாள் வீட்டுக்கு நடந்தேன். "நானும் வரட்டோ?" என்று மாப்பிள்ளை கேட்டார். வேண்டாம் என்றேன். காட்டுப் பாதையில் சத்தமே இல்லை. பாதி வழியில் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. திரும்பினால் எந்த முகத்தோடு வீட்டுக்குள் போவது என்று அங்கேயே நின்றேன். பிறகு போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்போ மீன் வாங்கலையா?"

"இல்லை."

"நல்லா ஏமாத்தினீங்க என்னை, மிஸ்டர் கோமதி." பிறகு, "அடுத்த மாசம் என் கொள்ளுப்பேரன் வரான். கைக்குழந்தை" என்றார்.

அவர் குழாயில் பட்டை நனைத்துப் பார்த்தேன். 0. இன்று 0 என்றேன். நாளைக்கும் வந்து பார்க்கிறேன் என்றேன். அவர் வாசல்வரை வரவில்லை.

ஆகஸ்ட் 5

டவுன்ஷிப்பிலிருந்து இருவர் வந்து குழியையும் தார்ப்பாயையும் பார்த்தார்கள். போலீஸ் இல்லை. நான்தான் விளக்கினேன். மண் அடுக்குகளை வரைந்து கொடுத்தேன். கிணற்றை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், அப்போதுதான் நைட்ரேட்டைப் பெர்னிஸ் வீட்டுப் பக்கம் போகவிடாமல் இங்கேயே இழுக்கும். பாறைக்குக் கீழே புதுக் கிணறு போட ஆள் வருகிறார். எத்தனை அடி என்று கேட்டேன். இருநூற்றுப் பத்து.

ஆகஸ்ட் 7

எங்கள் குழாய் 80. பெர்னிஸ் வீடு 0. ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். இனி இந்த எண்கள் இந்த நோட்டில் மட்டும் இருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 9

முதலில் தேதி சொன்ன நாள் இது. குழந்தைக்கு இன்று பதினேழு நாள்.

எங்கள் குழாய் 80. பெர்னிஸ் வீடு 0. தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது வான்மதி பின்னால் வந்து நின்றாள். ஒன்பது நாளுக்குப் பிறகு பேசினாள்.

"எப்ப சரியாகும்?"

உறுதியாகத் தெரியட்டும் என்று நாக்கு ஒரு கணம் நின்றது.

"தெரியலை தாயி" என்றேன்.

அவள் தலையசைத்தாள். பிறகு குழந்தையை என் கையில் வைத்து, ஜன்னல் பக்கமாகத் திருப்பினாள்.

"இவ உதட்டைப் பாருங்க. டாக்டர் சரின்னு சொல்லிட்டாங்க. எனக்கு மனசு ஆறல. உங்க கண்ணு நிறம் பாத்த கண்ணு. தினமும் காலையில பாருங்க. சந்தேகமா இருந்தாலும் சொல்லுங்கப்பா. சும்மா சந்தேகம்னாலும் சொல்லிருங்க."

நிற அட்டைப் புத்தகத்தை அவளே எடுத்துவந்து விரித்துப் பிடித்தாள். இந்த முறை நான் குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

காலை 7.10. வடக்கு ஜன்னல் வெளிச்சம். முதல் பக்கம், மேலிருந்து மூன்றாவது அட்டை. இளஞ்சிவப்பு. மேலுதட்டின் இடது ஓரம் ஒரு நிழல்போலத் தெரிந்தது. சொன்னேன். அவள் திரையை விலக்கினாள். நிழல்தான்.